ஏஞ்சல் தீவுக்கு ஒரு பகல் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் கலிஃபோர்னியா சுற்றுலாக் கட்டுரையில் ஏஞ்சல் தீவு மாநிலப் பூங்காவுக்கு ஒரே ஒரு பத்திதான். காலைப் படகில் போய், தீவைச் சுற்றி நடந்து, மாலைப் படகில் திரும்பிவிடலாம் என்று எழுதியிருந்தார்கள். திரும்பிவிடலாம்தான். ஆனால் அந்த அவசரத்தில் பலர் விட்டுவிடுவது, அங்கே கட்டாயம் பார்க்க வேண்டிய குடியேற்ற நிலையத்தை.

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் இருக்கும் இந்தத் தீவில் 1910 முதல் 1940 வரை அந்த நிலையம் இயங்கியது. சீனர்களை விலக்கி வைக்க 1882இல் சட்டம் வந்திருந்ததால், சீனாவிலிருந்து வந்தவர்களை இங்கே அடைத்து வைத்து விசாரித்தார்கள். ஊர்க் கிணறு எந்தப் பக்கம், வீட்டு வாசலில் எத்தனை படி, பக்கத்து வீட்டில் யார் யார் என்று துருவித் துருவிக் கேள்விகள். ஏற்கெனவே அமெரிக்காவில் இருக்கும் உறவினர் சொன்னதோடு பதில் ஒத்துப்போகாவிட்டால் திருப்பி அனுப்பிவிடலாம். அப்படி மாதக்கணக்கில் காத்துக் கிடந்தவர்கள் மரச்சுவரில் கத்தியால் கவிதைகளைச் செதுக்கினார்கள். அதிகாரிகள் மக்கு வைத்து அடைத்து, மேலே பெயின்ட் அடித்தார்கள். அப்படியும் எழுத்தின் பள்ளங்கள் இன்றும் தெரிகின்றன. பக்கவாட்டில் நின்று பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். கட்டடத்தையே இடிக்க இருந்த நேரத்தில், 1970இல், அலெக்சாண்டர் வைஸ் என்ற பூங்காக் காவலர் இவற்றின் அருமையை உணர்ந்து மற்றவர்களுக்குச் சொன்னார். அதனால்தான் இன்று நாம் பார்க்க முடிகிறது.

இந்தியர்களும் இங்கே அடைபட்டிருந்தார்கள், பெரும்பாலும் பஞ்சாபிகள். வந்தவர்களில் அதிக விகிதத்தில் திருப்பி அனுப்பப்பட்டவர்களும் இந்தியர்களே. அரசுக்குச் சுமையாகிவிடுவார்கள், வயிற்றில் கொக்கிப்புழு இருக்கிறது என்றெல்லாம் காரணம் சொன்னார்கள். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் பிள்ளைகளோடு போய்ப் பார்க்க வேண்டிய இடம் இது என்று நான் அடித்துச் சொல்வேன்.

இதற்கு ஒரு இரவு தங்குவதுதான் வசதி. கூடாரம் போட விரல் விட்டு எண்ணக்கூடிய இடங்களே உண்டு. ஆறு மாதம் முன்பே முன்பதிவு திறந்துவிடும். கோடைக்கால சனிக்கிழமை வேண்டுமென்றால் அன்றைக்கே போட்டுவிடுங்கள். படகு இறங்கும் ‘அயாலா கோவ்’ என்ற சிறு குடாவிலிருந்து கூடாரம், தண்ணீர் பாட்டில், அரிசி, பருப்பு எல்லாவற்றையும் முதுகில் சுமந்து ஏற வேண்டும். ஏற்றம் தொடக்கத்திலேயே வந்துவிடும். அதனால் குழந்தைகளோடு போகிறவர்கள் பெரிய பாத்திரங்களை வீட்டிலேயே விட்டுவிடுவது நல்லது. விறகு மூட்டத் தடை, ஆகவே சின்ன கேஸ் அடுப்பு வேண்டும். ரக்கூன்கள் என்ற சிறு காட்டு விலங்குகள் கைதேர்ந்த திருடர்கள்; சாப்பாட்டை அங்குள்ள பெட்டியில் பூட்டி வையுங்கள். நாய்க்கு அனுமதியில்லை. முகட்டில் உள்ள இடங்களில் காட்சி அற்புதம், ஆனால் மேற்கிலிருந்து வரும் காற்றும் மூடுபனியும் ஆகஸ்டில்கூட நடுங்க வைக்கும். கம்பளிச் சட்டையை மறக்கக் கூடாது.

முதல் நாள் கூடாரத்தைப் போட்டுவிட்டு, 788 அடி உயர லிவர்மோர் மலை உச்சிக்கு நடந்துவிட்டு வரலாம். மறுநாள் காலையை முழுதாகக் குடியேற்ற நிலையத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அது எல்லா நாளும் திறந்திருப்பதில்லை. திறக்கும் நாளை முதலில் பார்த்து, அதற்கேற்பக் கூடாரத்தையும் படகையும் பதிவு செய்ய வேண்டும். பலரும் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறார்கள். குளிர்காலத்தில் படகுகளும் குறைவு, அதையும் கவனிக்க வேண்டும்.

அடுத்து இந்தத் தீவைப் பற்றி எழுதும்போது படகு நேரத்தோடு நிலையம் திறக்கும் நாட்களையும் சேர்த்துப் போடுங்கள். முடிந்தால் அந்தச் சுவரின் படம் ஒன்றையும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா