பழைய ஜீப்புக்கு டர்போ: கட்டுரை சொல்லாமல் விட்டவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில், பழைய மஹிந்திரா டிஐ ஜீப்புகளுக்கு டர்போ (வெளியேறும் புகையால் சுழன்று என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) பொருத்துவது பற்றிய கட்டுரையைப் படித்தோம். மலைப்பாதையில் ஜீப் ஓட்டுகிறவர்களுக்கு வேண்டிய விஷயம்தான். ஆனால் டர்போவை மாட்டினால் இழுவை இரட்டிப்பாகும் என்று அதில் வந்த வரியை நம்பிப் பட்டறைக்குப் போகிறவர், அடுத்த தடவை பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டியிருக்கும்.

கட்டுரையில் பேசப்படுவது எம்.டி.ஐ. 3200 என்ஜின். 2523 சிசி, போர் (சிலிண்டரின் விட்டம்) 88.9 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 101.6 மி.மீ. அங்குலக் கணக்கில் மூன்றரைக்கு நான்கு. இன்டர்நேஷனல் டிராக்டர் என்ஜின் வம்சம். வேகத்துக்காகப் பிறந்தது அல்ல, மெதுவாக நின்று இழுப்பதற்காகப் பிறந்தது. இதே என்ஜினுக்குக் கம்பெனியே டர்போ போட்டு, 2010-ல் வந்த தார் டிஐ வண்டியில் கொடுத்தது. 3200 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 3200 சுற்றில்) 63 குதிரைத்திறன். 1500 முதல் 1800 ஆர்பிஎம்முக்குள் 182.5 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை). பிஸ்டன், பம்ப், சோதனைக்கூடம் எல்லாம் கைவசம் உள்ளவர்களே அங்கே நிறுத்திக்கொண்டார்கள். இருபது வருடம் ஓடிய என்ஜினில் நூறு குதிரைத்திறன் எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

டர்போ பலம் தருவதில்லை, காற்றைத்தான் தருகிறது. பலம் டீசலிலிருந்து வருகிறது. பெட்ரோல் என்ஜினில் பழகியவர்கள் தடுமாறும் இடமும் இதுதான்: அங்கே பெட்ரோல் குறைந்தால் சூடு ஏறும், டீசலில் நேர்மாறாக, எரிபொருள் கூடினால்தான் சூடு ஏறும், காற்று கூடினால் இறங்கும். ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தி சமவெளியைவிடச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சமவெளிக்கு செட் பண்ணிய டீசல் பம்ப் அங்கேயும் ஏறக்குறைய அதே டீசலை ஊற்றுகிறது. அதனால்தான் கொண்டை ஊசி வளைவில் ஜீப்புகள் கறும்புகை கக்குகின்றன. அந்த இழந்த காற்றைத் திருப்பிக் கொடுப்பதுதான் டர்போவின் முதல் வேலை. மலையில் ஓடும் வண்டிக்கு அது ஒன்றே பெரிய லாபம்.

எவ்வளவு பூஸ்ட், அதாவது டர்போ கூட்டித் தரும் காற்றழுத்தம்? இன்டர்கூலர் (டர்போவிலிருந்து வரும் சூடான காற்றை ஆற்றும் கருவி) இல்லாவிட்டால் 0.5 பார், அதாவது 7 பிஎஸ்ஐ. அதற்கு மேல் வேண்டாம். 35 டிகிரியில் உள்ளே போகும் காற்று, அரை பார் அழுத்தம் ஏறும்போது 90 டிகிரியை ஒட்டி வெளியே வரும். சூடான காற்று விரிந்து நிற்பதால், அழுத்தம் பாதி கூடினாலும் சிலிண்டருக்குள் போகும் காற்று கால் பங்கை ஒட்டித்தான் கூடும். அதை 50, 55 டிகிரிக்கு ஆற்றினால் கிட்டத்தட்ட நாற்பது சதவீதம் கிடைக்கும். ஆனால் மலையில் லோ கியரில் ஊரும் ஜீப்புக்கு முன்னாலிருந்து காற்று அடிக்காது. ரேடியேட்டருக்கு முன்னால் இன்டர்கூலரை வைத்தால், ஃபேனுக்கு ஷ்ரவுடு (காற்றைக் குவிக்கும் உறை) இருந்தால்தான் இரண்டும் ஆறும். என்ஜின் சூட்டைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிவது நம் ஊர்ப் பழக்கம். டர்போ போடுகிற வண்டியிலாவது அதை விட்டுவையுங்கள்.

வேலையைத் தொடங்கும் முன் என்ஜினின் உடல்நிலை தெரிய வேண்டும். சூடான என்ஜின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திருகாமல் சும்மா வைத்துப் பாருங்கள். மூடி எம்பிக் குதித்தால் பிஸ்டன் ரிங் போய்விட்டது என்று அர்த்தம். டர்போவுக்கு முன்னால் போர் வேலை (சிலிண்டரைக் கடைந்து புது பிஸ்டன், ரிங் போடுவது) செய்ய வேண்டும். நான்கு சிலிண்டர் கம்ப்ரஷனுக்குள் (பிஸ்டன் காற்றை அழுத்தும் அளவுக்குள்) பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தாலும் அப்படியே.

கட்டுரை முற்றிலும் விட்டுவிட்டது ஆயில் லைனை. டர்போ தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும், ஆயில் படலத்தின் மேல் மிதந்தபடி. அதற்கு ஆயில் அழுத்தத்தோடு வருகிறது. திரும்பிப் போவதோ வெறும் புவியீர்ப்பில், அதுவும் நுரைத்துப்போய். ஆகவே வருகிற பைப் 5 மி.மீ. உள்விட்டம் இருந்தால் போதும், போகிற பைப் 19 மி.மீ. வேண்டும். அது எங்கேயும் தொய்யாமல், மேலே ஏறாமல், ஒரே சரிவாக இறங்கி, சம்ப்பில் (என்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) ஆயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். கட்டுரையோடு வந்த படத்தில் ரிட்டர்ன் ஹோஸ் சேஸிஸ் மேல் ஏறி வளைந்து இறங்குவது தெளிவாகவே தெரிகிறது. அந்த வண்டி சீக்கிரமே நீலப்புகை விடும். டர்போவில் இருப்பது ரப்பர் சீல் இல்லை, பிஸ்டன் ரிங் போன்ற மெல்லிய வளையம். ஆயில் வடியாமல் தேங்கினால் அது தடுக்காது. ஆயில் சைலன்சர் பக்கமும் இன்டேக் பக்கமும் தள்ளிக்கொண்டு போகும். உடனே சீல் போச்சு என்று புது டர்போ மாட்டுவார்கள். அதுவும் புகைவிடும்.

ஆயில் எடுக்கப் பிரஷர் ஸ்விட்ச் இருக்கும் இடத்தில் டி-பீஸ் (மூன்று வாய் இணைப்பு) போடலாம். காப்பர் வாஷர் போதும். டெஃப்லான் டேப்பும் சிலிக்கான் பேஸ்ட்டும் பிய்ந்துபோய் டர்போவுக்கு ஆயில் போகும் சின்ன துவாரத்தை அடைக்கும். சம்ப்பில் ரிட்டர்னுக்குத் துளை போட அதைக் கழற்றித்தான் ஆக வேண்டும். வண்டியிலேயே வைத்துத் துளைத்தால் இரும்புத் தூள் ஆயிலோடு சுற்றி பேரிங்கைத் தின்னும். முதல் ஸ்டார்ட்டுக்கு முன், டீசலை நிறுத்தும் ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்து, ரிட்டர்னில் ஆயில் ஒழுகும்வரை பத்துப் பத்து செகண்டாக செல்ப் அடிக்க வேண்டும். ஏற்றம் ஏறி வந்து நிறுத்தும்போது ஓரிரு நிமிடம் ஐடிலில் விடச் சொல்லி டிரைவர் காதில் போட்டுவையுங்கள்.

அடுத்தது ஏர் கிளீனர். பல பழைய ஜீப்புகளில் இருப்பது ஆயில் பாத் வகை (ஆயிலில் தூசியைப் பிடிப்பது). டர்போ இழுக்கும் வேகத்தில் அந்த ஆயிலே மேலே ஏறி என்ஜினுக்குள் போகலாம். டீசல் என்ஜினுக்கு ஆயிலும் எரிபொருள்தான். பிறகு ஸ்டாப் கேபிளை இழுத்தாலும் நிற்காது, ஆர்பிஎம் ஏறிக்கொண்டே போகும். எனவே பேப்பர் எலிமென்ட் உள்ள டிரை ஏர் ஃபில்டருக்கு மாற்றியே தீர வேண்டும்; பிரீதர் ஹோஸை (என்ஜினுக்குள்ளிருந்து ஆயில் ஆவியை வெளியேற்றும் குழாய்) இன்டேக்கில் (காற்று போகும் வழி) சேர்க்காமல் தனி டப்பாவில் விட வேண்டும். அப்படியும் என்ஜின் கட்டுமீறினால், பிரேக்கை அழுத்தி டாப் கியர் போட்டு கிளட்சை விடுங்கள். அல்லது இன்டேக் வாயைப் பலகையால் மூடுங்கள். துணி வேண்டாம், உள்ளே இழுத்துக்கொள்ளும். கை கூடவே கூடாது.

மேனிபோல்டுக்கு (சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து டர்போவுக்குக் கொண்டுபோகும் குழாய்) சைலன்சர் பைப் தகரத்தை வெல்டிங் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். சூட்டில் விரிந்து, டர்போவின் எடை தாங்காமல், ஃபிளாஞ்ச் (போல்ட் போட்டு இணைக்கும் தகடு) ஓரத்திலேயே விரிசல் விடும். ஃபிளாஞ்ச் 10 முதல் 12 மி.மீ. பிளேட்டாவது இருக்க வேண்டும். டர்போவுக்குத் தனித் தாங்கியும், டவுன் பைப்பில் (டர்போவிலிருந்து புகை இறங்கும் குழாய்) வளைந்துகொடுக்கும் ஃபிளெக்ஸ் துண்டும் வேண்டும். பிரேக் லைனும் டீசல் ஹோஸும் அருகில் போனால் தகடு மறைப்பு.

இனி டீசல் பம்ப். இன்லைன் வகையோ ரோட்டரி வகையோ, ஃபுல் லோடு ஸ்க்ரூவை (அதிகபட்ச டீசல் அளவை வைக்கும் திருகு) வண்டியில் வைத்துக் குத்துமதிப்பாகத் திருகாதீர்கள். டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி, நாசில்களையும் சரிபார்த்து, டீசல் அளவை 10 முதல் 15 சதவீதம் மட்டும் கூட்டச் சொல்லுங்கள். காற்று கால் பங்கு கூடும்போது டீசல் அதில் பாதி கூடினால், இழுவையும் வரும், சூடும் பழைய அளவைத் தாண்டாது. பூஸ்ட் ஏறிய பிறகே டீசலைக் கூட்டும் டயாஃபிரம் அமைப்பு உள்ள பம்பானால் கொஞ்சம் தாராளமாகப் போகலாம். அது இல்லாத பம்பில், 1200 ஆர்பிஎம்மில் புகை வராத அளவோடு நிறுத்த வேண்டும். மேக்சிமம் ஸ்பீடு ஸ்க்ரூவைத் தொடவே வேண்டாம். டைமிங்கை அட்வான்ஸ் பண்ணினால் (டீசலை இன்னும் முன்னதாகப் பீய்ச்ச வைத்தால்) பிக்கப் வரும் என்பார்கள். பூஸ்ட்டோடு சேர்ந்து சிலிண்டர் அழுத்தம் எகிறி, முதலில் போவது ஹெட் கேஸ்கெட்.

பூஸ்ட் கேஜ் மாட்டுகிறவர்கள் புகையின் சூட்டைக் காட்டும் பைரோமீட்டரை மறந்துவிடுகிறார்கள். இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் பைரோமீட்டரையே வாங்குங்கள். கே-டைப் சென்சாரை டர்போவுக்கு முன்னால், மேனிபோல்டில் வைக்க வேண்டும். பின்னால் வைத்தால் நூறு டிகிரிக்கு மேலும் குறைத்துக் காட்டும். தொடர்ந்து 650 டிகிரி, சிறிது நேரத்துக்கு 700, அதுவே எல்லை. நீண்ட ஏற்றத்தில் முள் அதைத் தாண்டினால் ஒரு கியர் குறைத்து ஆக்சிலேட்டரை விடுவதுதான் வழி.

கடைசியாக, கட்டுரை தொடாத சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 திருத்தத்தில் மாற்றி எழுதப்பட்ட 182ஏ பிரிவு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. சாலையில் ஓடும் வண்டியானால், பட்டறைக்கு முன்னால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டுக்கொள்வது நல்லது. வாடகைக்கு ஆள் ஏற்றும் ஜீப்பில் இன்சூரன்ஸ் சிக்கலும் சேரும். ரிட்டர்ன் ஹோஸ் விஷயத்தையும் மேலே சொன்ன பூஸ்ட் அளவையும் மட்டுமாவது திருத்தமாக வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
டீசல் மெக்கானிக்குகள் சிலர்,
போடிநாயக்கனூர்