பத்திரிகையிலேயே போட்டிருக்கு!

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் ஆங்கிலப் பயிற்சிப் பக்கத்தில், வேலைக்கு எழுதும் கடிதத்தை 'ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ' என்று முடிக்கச் சொல்லியிருக்கிறீர்கள். 'டு' வந்தால் அடுத்து வினைச்சொல் அப்படியே வருமாம், விளக்கம் வேறு. அதைப் பார்த்துத்தான் என் பேத்தி மெயில் அடித்துக்கொண்டிருந்தாள். 'ஹியரிங்' என்று மாற்றச் சொன்னேன். "பத்திரிகையிலேயே போட்டிருக்கு பாட்டி" என்றாள். 32 வருட ஸ்டெனோ சர்வீஸ் அதோடு முடிந்தது!

1979-இல் பாரிமுனையில் ஒரு கம்பெனியில் சேர்ந்த புதிதில் நானும் இதே தப்பைச் செய்தேன். ஹெட் கிளார்க் சிவப்புப் பென்சிலால் சுழித்து, மூன்று கார்பன் காப்பியோடு திரும்ப அடிக்க வைத்தார். அவர் சொல்லிக்கொடுத்த வழி இதுதான்: வினை இருக்கும் இடத்தில் ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பார். 'லுக்கிங் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை' என்று சொல்ல முடிகிறதல்லவா? அப்படியானால் அங்கே வினை வந்தாலும் ஐ-என்-ஜி சேர்த்துத்தான் வரும். 'ஐ வான்ட் டு ஹியர்' வேறு கதை. 'ஐ வான்ட் டு யுவர் ரிப்ளை' என்று யாரும் சொல்வதில்லையே.

அதே பக்கத்தில் 'ஐ ஹேவ் மெட் ஹிம் எஸ்டர்டே' என்றும் இருந்தது. நேற்று என்று நாளைச் சொல்லிவிட்டால் 'ஐ மெட் ஹிம்' மட்டும்தான், 'ஹேவ்' கூடாது. தமிழில் 'நேற்று வந்திருக்கிறான்' என்கிறோமே என்றால், அது நாம் வீட்டில் இல்லாதபோது வந்து போனவனைப் பற்றி அப்புறம் தெரிந்துகொண்டு சொல்வது. ஆங்கில 'ஹேவ்' அந்த வேலையைச் செய்யாது. உங்களுக்குத் தெரியாததா இதெல்லாம்?

சரி, ஆங்கிலம்தான் இப்படி என்றால் தமிழ்த் தலைப்புகளில் ஒற்றெழுத்துகளை யார் தின்றுவிடுகிறார்களோ தெரியவில்லை. தீபாவளி மலர்க் குறுக்கெழுத்துக்கு இன்றுவரை விடை வரவில்லை. பொங்கலுக்கு முன்னால் நான் அனுப்பிய ஒன்றரைப் பக்கக் கடிதத்தில் 'இதழ் அருமை' என்ற முதல் வரியை மட்டும் எடுத்துப் போட்டீர்கள். மீதி முழுக்கப் பிழைப் பட்டியல். இந்தக் கடிதத்தில் அந்த வசதி இருக்கக் கூடாது என்றுதான் 'வணக்கம்' என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

அடுத்த இதழில் அதே பக்கத்தில் இரண்டு வரி திருத்தம் போட்டால் போதும். கடைசிப் பக்க மூலையில் வேண்டாம், அங்கே போட்டால் பேத்தி பார்க்க மாட்டாள்.

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
ஓய்வுபெற்ற ஸ்டெனோ,
திருவல்லிக்கேணி, சென்னை - 5