அந்த ஒரு வரியை மாற்றி எழுது

அன்பு மகளுக்கு,

நேற்று போனில், "சொந்த நாட்டுக்காகவே அவங்க சண்டை போடலையேப்பா" என்று வட வியட்நாமை எதிர்த்து அமெரிக்காவோடு சேர்ந்து போரிட்ட தென் வியட்நாம் படையை ஒரே வரியில் ஒதுக்கிவிட்டாய். கட்டுரையிலும் அப்படியே எழுதிவிடாதே, அம்மா. இரவெல்லாம் எனக்கு அதே நினைப்பு.

1969இல் போரை அவர்கள் கையில் ஒப்படைத்துவிட்டு அமெரிக்கா வெளியேறத் தொடங்கியது. அதற்கு 'வியட்நாம்மயமாக்கல்' என்று பெயர் வைத்தவர் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் மெல்வின் லேர்ட். அந்தப் பெயரே எனக்கு உறுத்தும். அதற்கு முன்பும் அங்கே செத்துக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்தானே?

1971இல் லாவோஸுக்குள் போன தென் வியட்நாம் படை சிதறித் திரும்பியது. ஹெலிகாப்டரின் அடிக்கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி வந்த வீரர்களை உலகமே படத்தில் பார்த்தது. அடுத்த மாதமே அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் தொலைக்காட்சியில் தோன்றி, வியட்நாம்மயமாக்கல் வெற்றி பெற்றுவிட்டது என்றார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும்.

ஆனால் 1972இல் தென் வியட்நாமின் ஆன் லோக் நகரம் இரண்டு மாதத்துக்கு மேல் வடக்குப் படையின் முற்றுகையைத் தாங்கியது. மேலே அமெரிக்காவின் பி-52 விமானங்கள் குண்டு போட்டன, உண்மைதான். கீழே இடிபாடுகளுக்குள் கிடந்து சண்டை போட்டவர்கள் யார்? விமானமும் பீரங்கியும் தாராளமாக இருக்கும் என்று நம்பித்தான் அந்தப் படைக்குச் சண்டை கற்றுக்கொடுத்தார்கள். பிறகு 1973 ஆகஸ்டில் அமெரிக்கக் குண்டுவீச்சு சட்டப்படி நின்றது. 1975 நிதியாண்டுக்கான அமெரிக்க ராணுவ உதவி 70 கோடி டாலராகச் சுருங்கியது. குண்டையும் எரிபொருளையும் எண்ணி எண்ணிச் செலவழிக்கும் நிலை.

ஊழலையும், பட்டியலில் மட்டும் உயிரோடிருந்த சிப்பாய்களின் சம்பளத்தைத் தின்ற அதிகாரிகளையும் நீ தாராளமாக எழுது. மத்திய மேட்டுநிலத்தைத் திடீரென்று கைவிடச் சொன்ன தென் வியட்நாம் ஜனாதிபதி தியூவையும் விடாதே. அதோடு தலைநகர் சைகோனுக்குப் போகும் வழியிலிருந்த சுவான் லோக் நகரச் சண்டையையும் எழுது. 1975 ஏப்ரலில், எல்லாம் முடிந்தது என்று தெரிந்த பிறகும், தளபதி லே மின் தாவோவின் 18ஆவது டிவிஷன் அங்கே பத்து நாளுக்கு மேல் நின்றது. போர் முடிந்ததும் அவர் 17 ஆண்டுகள் சிறைமுகாமில் கிடந்தார்.

2021இல் காபூல் தாலிபான் கையில் விழுந்தபோதும், அமெரிக்கா வளர்த்த ஆப்கன் படையைப் பற்றி நீ சொன்ன இதே வரியைத்தான் சொன்னார்கள். அவர்களுடைய விமானங்களைப் பழுதுபார்த்துவந்த வெளிநாட்டு ஒப்பந்தக்காரர்கள் அதற்கு முன்பே கிளம்பிவிட்டதை அவ்வளவாக யாரும் பேசவில்லை.

எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பு. சுவான் லோக் வரும் பக்கத்தைத்தான் முதலில் படிப்பேன்.

அன்புடன்,
அப்பா