நாலாவது வருஷம் யார் பணம் கட்டுவது?

சிகாகோ அருகே,
நவம்பர் 2025

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் வந்தது. தலைமையாசிரியை ஆன சேதியை மூன்றாவது பக்கத்தில், வரப்புத் தகராறுக்கும் அம்மாவின் மூட்டு வலிக்கும் நடுவே ஒற்றை வரியில் சொல்லிவிட்டுப் போக உன்னால்தான் முடியும். வாழ்த்துகள் டி. கணக்கு நோட்டைப் பார்த்து எழுதியதற்காக என்னோடு வராந்தாவில் முட்டி போட்டவள் இனி ஒரு பள்ளிக்கூடத்தையே கட்டி மேய்க்கப் போகிறாள் என்று பெரியவனிடம் சொன்னேன். நம்ப மறுக்கிறான்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியவன் ஒன்பதாவதுக்குப் போய்விட்டான், சின்னவள் நாலாவது. அவர் ஆபீஸில் ஆள் குறைப்பு நடந்தது, இந்தத் தடவை தப்பித்துவிட்டார்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். ஹைடெக் லேபில் பாதிக் கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டன, அதற்குள் பள்ளி மேலாண்மைக் குழுவில் ஒருவர் "எல்லாப் பிள்ளைக்கும் டேப்லெட் வாங்கலாம், பழைய மாணவர்களிடம் நான் பணம் திரட்டுகிறேன்" என்கிறார், அங்கே நீங்கள் எப்படித் திட்டம் போடுகிறீர்கள் என்று கேட்டிருந்தாய். சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறாய். போன வருஷத்திலிருந்து எங்கள் பள்ளி மாவட்டத்தின் தொழில்நுட்பக் குழுவில் பெற்றோர் தரப்பில் நானும் உட்காருகிறேன். சம்பளம் கிடையாது, பேப்பர் கப்பில் ஆறின காபி உண்டு.

இங்கே பள்ளி மாவட்டம் என்பதற்கும் கலெக்டருக்கும் சம்பந்தமில்லை. இல்லினாய் மாநிலத்தில் மட்டும் இப்படி 850-க்கு மேல் இருக்கின்றன. பெரும்பாலும் ஒவ்வொன்றுக்கும் ஊர்க்காரர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஏழு பேர் கொண்ட போர்டு. அவர்களுக்கும் சம்பளம் இல்லை. எங்களைப் போன்ற புறநகர்களில் பணத்தில் பெரும்பங்கு வீட்டு வரியிலிருந்து வருகிறது. அதனால் வீட்டு விலை அதிகமான ஊரில் பள்ளியும் செழிப்பாக இருக்கும். அது ஒரு பெரிய அநியாயம், அதற்குத் தனிக் கடிதம் வேண்டும். எங்கள் ஊரில் எட்டாவது வரை ஒரு மாவட்டம், அதற்கு மேல் வேறொரு மாவட்டம். பெரியவன் எட்டாவது வரை குரோம்புக்கில், அதாவது கூகுள் மென்பொருளில் ஓடும் மலிவு லேப்டாப்பில் படித்தான், ஒன்பதாவதில் ஐபேட் கொடுத்துவிட்டார்கள். ஏன் என்று கேட்டால் அது வேறு போர்டு, இது வேறு போர்டு.

கொரோனா சமயத்தில் மத்திய அரசு பள்ளிகளுக்கென்று மூன்று தவணையாகக் கொடுத்த பணம் கிட்டத்தட்ட 19,000 கோடி டாலர். கருவிக்கும் இணையத்துக்கும் என்றே தனியாக 700 கோடி டாலருக்கு மேல் இன்னொரு நிதி. அதில் ஒரு லேப்டாப்புக்கு 400 டாலர் வரை கொடுத்தார்கள். பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்திருந்த நேரம், யாரும் யோசிக்கவில்லை, எல்லா ஊரும் ஒரே சமயத்தில் வாங்கிக் குவித்தது. வாங்கியதில் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் பெரிய நிதியின் கடைசித் தவணையை 2024 செப்டம்பர் 30-க்குள் எதற்கென்று ஒதுக்கி ஒப்பந்தம் போட்டிருக்க வேண்டும். அதோடு அந்தக் குழாய் மூடிவிட்டது. 2020-லும் 21-லும் வாங்கின குரோம்புக்குகளெல்லாம் இப்போது ஒன்றாகக் கிழடு தட்டுகின்றன. குரோம்புக்குக்குக் காலாவதி தேதி வேறு உண்டு. அந்தத் தேதிக்குப் பிறகு பாதுகாப்பு அப்டேட் வராது. சத்தம் அதிகமான பிறகு 2023-ல் கூகுள் அதைப் பத்து வருஷமாக நீட்டியது. நல்ல காரியம்தான். ஆனால் கீல் உடைந்து, பட்டன் பிய்ந்து, சார்ஜ் நிற்காத பெட்டிக்கு அப்டேட் வந்து என்ன ஆகப் போகிறது? டீச்சர்களின் கம்ப்யூட்டர் கதை இன்னொன்று. விண்டோஸ் 10-க்கான ஆதரவை அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டார்கள்.

ஆகக் குழுவில் நாங்கள் அடித்துக்கொள்வது எந்தக் கருவி நல்லது என்பதற்காக அல்ல. நாலாவது, ஐந்தாவது வருஷத்தில் எந்தக் கணக்கிலிருந்து பணம் எடுப்பது என்பதுதான் சண்டை. முதல் வருஷத்துக்குக் காசு எப்படியும் கிடைத்துவிடும். ரிப்பன் வெட்ட ஆள் வருவார்கள், போட்டோ எடுப்பார்கள். நாலாவது வருஷம் எவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். உன் லேபிலும் அதுதானே நடந்திருக்கிறது?

இதற்கு லாஸ் ஏஞ்சல்ஸ் கதையைத்தான் நான் எல்லோரிடமும் சொல்வேன். நாட்டின் இரண்டாவது பெரிய பள்ளி மாவட்டம். 2013-ல் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் எல்லோருக்கும் ஐபேட் என்று கிளம்பினார்கள். வைஃபை வேலையும் சேர்த்து சுமார் 100 கோடி டாலர் திட்டம். உறை, உள்ளே பாட மென்பொருள் எல்லாம் சேர்த்து ஒரு கருவி 768 டாலர் வந்தது. பிள்ளைகள் கைக்குப் போன சில நாட்களிலேயே ஒரு பள்ளியில் நூற்றுக்கணக்கானவர்கள் மாவட்டம் போட்டிருந்த இணையப் பூட்டை உடைத்து ஃபேஸ்புக் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். அதற்குப் பெரிய ஹேக்கிங் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை, செட்டிங்கில் ஒரு புரொஃபைலை அழித்தாலே போதும். பத்திரிகைகள் எல்லாம் அதையே பிடித்துக்கொண்டு சிரித்தன. எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை, பிள்ளைகள் என்றால் அப்படித்தான். என்னை உறுத்துவது வேறு. உள்ளே இருந்த பாடம் முழுசாக எழுதி முடிக்கப்படாமலே விற்கப்பட்டிருந்தது, அதற்கான உரிமமும் மூன்றே வருஷம். அப்புறம் வேண்டுமென்றால் மறுபடி பல கோடி கட்ட வேண்டும். மாநிலத் தேர்வை அதில் எழுத கீபோர்டு வேண்டுமே என்பதே பிறகுதான் ஞாபகம் வந்தது. எல்லாவற்றுக்கும் மேல், கருவிக்கான பணம் வந்தது பள்ளிக் கட்டடங்களுக்காக வாக்காளர்கள் அனுமதித்த கடன் பத்திரத்திலிருந்து! நாலைந்து வருஷத்தில் குப்பைக்குப் போகும் பொருளுக்கு, வருஷக்கணக்காக வட்டி கட்டும் கடன். நம் ஊரில் வீட்டுக் கடன் வாங்கி செல்போன் வாங்கினால் அப்பா என்ன சொல்லியிருப்பார்!

2014 ஆகஸ்டில் ஒப்பந்தத்தை நிறுத்தினார்கள். அக்டோபரில் பள்ளி மாவட்டத்தின் தலைமை நிர்வாகி ராஜினாமா செய்தார். டிசம்பரில் எஃப்.பி.ஐ. ஆட்கள் வந்து பெட்டி பெட்டியாகக் காகிதங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். கடைசியில் யார் மீதும் வழக்குப் போடவில்லை. 2015-ல் விற்றவர்களோடு சமாதானம் பேசி 64 லட்சம் டாலரைத் திரும்ப வாங்கினார்கள். அதே மாவட்டம் 2024 மார்ச்சில் செயற்கை நுண்ணறிவு உதவியாளர் ஒன்றைத் தடபுடலாக அறிமுகம் செய்தது. மூன்றே மாதத்தில் அதைச் செய்துகொடுத்த நிறுவனம் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. எங்கள் குழுவுக்கும் இப்போது ஏஐ விற்பவர்கள் வரிசையாக வருகிறார்கள். நான் கேட்பது ஒன்றுதான்: உங்கள் கம்பெனி மூடினால் எங்கள் பிள்ளைகளின் தகவல் எங்கே போகும்? நல்லவேளை, இல்லினாயில் 2021 ஜூலையிலிருந்து இதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. எழுத்துபூர்வமான ஒப்பந்தம் இல்லாமல் மாணவர் விவரங்களை எந்த நிறுவனத்துக்கும் கொடுக்கக் கூடாது, யார் யாருக்குக் கொடுத்திருக்கிறோம் என்ற பட்டியலையும் மாவட்டம் பகிரங்கமாகப் போட வேண்டும். அந்தப் பட்டியலை ஒரு ராத்திரி உட்கார்ந்து படித்தேன். சின்னவளின் பெயர் தெரிந்த கம்பெனிகள் நம் சொந்தக்காரர்களைவிட அதிகம்.

நன்றாகச் செய்தவர்களும் உண்டு. மேய்ன் என்று வடகிழக்கு மூலையில், காடும் கடலுமாக ஒரு மாநிலம். 2000-ல் கவர்னர் ஆங்கஸ் கிங் கையில் உபரிப் பணம் நின்றது, ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் லேப்டாப் என்றார். ஊரே சிரித்தது. எடுத்த எடுப்பில் கொட்டாமல் முதலில் ஒன்பது பள்ளிகளில் சோதித்துப் பார்த்தார்கள். 2002 இலையுதிர் காலத்தில் மாநிலம் முழுக்க சுமார் 17,000 பிள்ளைகளுக்கும் அவர்களின் ஆசிரியர்களுக்கும் கொடுத்தார்கள். ஒப்பந்தம் நாலு வருஷம், சுமார் 3.7 கோடி டாலர். வயர்லெஸ், பழுது பார்ப்பது, ஆசிரியர் பயிற்சி எல்லாம் அதற்குள்ளேயே. நாலு வருஷம் முடிந்ததும் அடுத்த ஒப்பந்தம். கவர்னர்கள் மாறினார்கள், கட்சி மாறியது, 2013-ல் மாநிலம் வேறு கம்பெனியைச் சிபாரிசு செய்தபோது பெரும்பாலான பள்ளிகள் பழையதையே பிடித்துக்கொண்டன, ஆனாலும் திட்டம் ஓடியது. மதிப்பெண் கூடியதா இல்லையா என்ற விவாதம் ஓயவில்லை, அது வேறு. நாலு வருஷக் கணக்கை முதல் நாளே போட்டு வைத்தார்கள், எனக்கு அதுதான் பிடித்தது.

இணைப்புக்கு மட்டும் இங்கே நிலையான வழி ஒன்று இருக்கிறது. 1996-ஆம் வருஷத்துத் தொலைத்தொடர்புச் சட்டத்தில் வந்தது, பெயர் இ-ரேட். எல்லோருடைய போன் பில்லிலும் ஒரு சின்னத் தொகை பிடித்து, பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் இணையச் செலவில் 20 முதல் 90 சதவீதம் வரை கழிவு தருகிறார்கள். எத்தனை சதவீதம் என்பதை, இலவசமாகவோ சலுகை விலையிலோ மதிய உணவு சாப்பிடத் தகுதியுள்ள பிள்ளைகளின் விகிதத்தை முக்கியமாக வைத்து முடிவு செய்கிறார்கள். சத்துணவுப் பள்ளித் தலைமையாசிரியையான உனக்கு இது பிடிக்கும் என்று நினைத்தேன்! கட்டடத்துக்குள் வைஃபை போட, 2021 முதல் 2025 வரையான ஐந்து வருஷச் சுற்றில் ஒரு மாணவருக்கு 167 டாலர் என்று கணக்கு. வாங்குவதற்கு முன் 28 நாள் பகிரங்கமாக அறிவித்து விலை கேட்க வேண்டும். ஆனால் பிள்ளைகள் கையில் இருக்கும் கருவிக்கு அதில் ஒரு காசு கிடையாது. குழாய்க்குக் கொடுப்பார்கள், குடத்தை நாம்தான் வாங்க வேண்டும். வீட்டில் இணையம் இல்லாத பிள்ளைகளுக்கு ஹாட்ஸ்பாட் கருவியை இரவல் கொடுக்க 2024-ல் அனுமதித்தார்கள், இந்த செப்டம்பர் கடைசியில் அதையும் ரத்து செய்துவிட்டார்கள். பக்கத்து மாவட்டத்தில் கஷ்டப்பட்டவர்கள் அதிகம், அவர்கள்தான் பாவம்.

முன்பெல்லாம் இந்தப் பணம் வாங்க ஒவ்வொரு மாவட்டமும் தொழில்நுட்பத் திட்டம் என்று ஒன்றை எழுதி ஒப்புதல் வாங்க வேண்டும். 2014-ல் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். எங்கள் பழைய கோப்பைப் புரட்டினேன். பக்கம் பக்கமாக '21-ஆம் நூற்றாண்டுத் திறன்கள்', ஒரு வகுப்பறையில் எத்தனை பிளக் பாயிண்ட் என்ற விவரம் எங்குமே இல்லை.

பிளக் பாயிண்ட் சமாசாரத்தைச் சும்மா சொல்லவில்லை. சின்னவளின் வகுப்பில் ஒருநாள் உட்கார்ந்திருந்தேன். ஐம்பதுகளில் கட்டிய கட்டடம். சுவரில் இரண்டே இரண்டு, ஒன்றில் வண்டி மாதிரி இருக்கும் சார்ஜிங் அலமாரி, இன்னொன்றில் புரொஜெக்டர். காலையில் டீச்சர் அலமாரியைத் திறந்தால் கீழ்த்தட்டில் ஒன்றிலும் சார்ஜ் இல்லை, யாரோ முந்தின நாள் ஒயரைப் பிடுங்கியிருக்கிறார்கள். டீச்சர் அசரவில்லை. மேஜைக்கடியிலிருந்து அதே பாடத்தின் ஜெராக்ஸ் கட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, வேலை செய்பவற்றை மட்டும் சில பிள்ளைகளிடம் கொடுத்தாள். அவர்கள் மூலைக்கு மூலை போய் ஒரு பத்தியைச் சத்தமாகப் படித்துப் பதிவு செய்து, தாங்களே போட்டுக் கேட்டார்கள். ஒரு பையன் தன் குரலைக் கேட்டுவிட்டு, "நான் முற்றுப்புள்ளியில் நிற்கவே இல்லை" என்று சொல்லி மறுபடி படித்தான். எனக்கு அது போதும். அந்த டீச்சர் குழுவில் ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தாள்: புதுக் கருவி வேண்டாம், வாரத்தில் ஒரு மணி நேரம் மற்ற டீச்சர்களோடு உட்கார்ந்து இதைப் பழக நேரம் கொடுங்கள் என்றாள். அந்த ஒரு மணி நேரத்துக்கு மாற்று ஆசிரியர் வேண்டும், சங்க ஒப்பந்தத்தில் இடம் வேண்டும். கருவியைவிட அதுதான் செலவு, அதனால் ஒவ்வொரு தடவையும் முதலில் வெட்டுப்படுவதும் அதுதான்.

இந்த மே மாதம் டிக்டாக்கில் ஒரு பைத்தியக்காரத்தனம் கிளம்பியது. குரோம்புக் சார்ஜ் ஓட்டையில் பென்சில் முனையைச் செருகிப் புகை வரவழைப்பது. எங்கள் பள்ளியிலும் ஒன்று புகைந்தது. பழுதுச் செலவுக்கு பட்ஜெட்டில் தனியாகப் பணம் ஒதுக்குங்கள் என்று நான் கேட்டபோது சிரித்தவர்கள் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

இப்போது நாங்கள் வைத்திருக்கும் யோசனை, மொத்தமாக வாங்காமல் வருஷத்துக்கு இரண்டு வகுப்புக்கு மட்டும் மாற்றுவது; இரண்டாம் வகுப்பு வரை ஆளுக்கு ஒன்று வேண்டவே வேண்டாம், வகுப்புக்கு நாலைந்து போதும். இந்தச் சின்ன வகுப்பு விஷயத்தை நான்தான் பிடிவாதமாகச் சேர்த்தேன். மூன்றாவதிலிருந்து எட்டாவது வரை வசந்த காலத்தில் மாநிலத் தேர்வைக் கம்ப்யூட்டரில் எழுத வேண்டியிருக்கிறது, அங்கே நம் பிடிவாதம் செல்லாது. மார்ச்சில் போர்டு ஓட்டெடுப்பு. ஜெயிக்குமா தெரியாது, வீட்டு வரி ஏறுமோ என்று பெரியவர்கள் இப்போதே முணுமுணுக்கிறார்கள்.

உன் டேப்லெட் புண்ணியவானைப் பகைத்துக்கொள்ளாதே. பணம் திரட்டட்டும். ஆனால் வருகிறதில் மூன்றில் ஒரு பங்கை பாங்கில் பள்ளியின் பெயரில் போட்டு, இரண்டு வருஷம் தொடக் கூடாது என்று குழுவில் தீர்மானம் எழுதி வாங்கு. அதற்கு அவர் ஒத்துக்கொண்டால் நல்ல மனுஷன். அப்புறம், படுத்துவிட்ட கம்ப்யூட்டர்கள் உண்மையில் படுத்தவையா, இல்லை யுபிஎஸ் பேட்டரி செத்ததா என்று முதலில் பார்க்கச் சொல். பேட்டரி கடைசியாக எப்போது மாற்றினார்கள், இருப்புப் பதிவேட்டில் இருக்கும். எழுது.

ஜனவரி கடைசியில் அக்கா மகள் கல்யாணத்துக்கு வருகிறேன். பள்ளி வேலை நாளாக ஒரு நாள் சொல், அங்கே வந்து லேபைப் பார்க்கிறேன். அம்மாவுக்கு மூட்டுக்கு இங்கிருந்து ஏதாவது வாங்கி வரவேண்டுமா என்று கேட்டுச் சொல்.

அன்புடன்,
மீனா