குறைமாதக் குழந்தைக்கு இரண்டாவது தைராய்டு டெஸ்ட் எடுங்கள்

பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு நடத்தும் மருத்துவமனைகளின் தலைமை மருத்துவர்களுக்கு,

வணக்கம்.

குறைமாதப் பிள்ளைக்கு மூச்சு நிற்பது நீங்கள் தினமும் பார்ப்பது. 20 விநாடி தாண்டினால் மானிட்டர் கத்தும், சிஸ்டர் ஓடி வந்து உள்ளங்காலைச் சுண்டுவார், மூச்சு திரும்பும். என் மகனுக்கும் அப்படித்தான். மூச்சைத் தூண்டக் கஃபீன் கொடுத்தார்கள், வாரம் கூடக்கூடச் சரியாகிவிடும் என்றார்கள். ஆகவில்லை. மஞ்சள் காமாலை இழுத்துக்கொண்டே போனது, மலம் இறுகியது, அழுகை கரகரத்தது, கை கால் சில்லென்றே இருந்தன. எதைக் கேட்டாலும் "குறைமாதம்தானேம்மா" என்று ஒரே பதில். மூன்றாம் நாள் குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத்தில் டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், தைராய்டு குறைந்தால் இது ஏற வேண்டும்) நார்மல் என்று ஃபைலில் எழுதியிருந்தது. அதோடு தைராய்டை எல்லோரும் மறந்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்த பிறகு வேறொரு டாக்டர்தான் மறுபடி டெஸ்ட் எடுத்துப் பார்த்துத் தைராய்டு குறைவைக் கண்டுபிடித்தார்.

உங்களுக்குத் தெரியாததல்ல. டிஎஸ்எச்சைச் சுரக்கிற பிட்யூட்டரி சுரப்பிக்குக் குறைமாதப் பிள்ளையிடம் முதிர்ச்சி போதாது. தைராய்டு குறைந்தாலும் டிஎஸ்எச் ஏற வாரக்கணக்கில் ஆகலாம். ரத்த அழுத்தத்தை ஏற்ற டோபமின் மருந்து ஓடும் பிள்ளைக்கு அது இன்னும் அமுங்கும். அதனால்தான் 2 முதல் 4 வாரத்துக்குள் மறுபடி எடுக்கச் சொல்கிறது குழந்தைகள் ஹார்மோன் மருத்துவர்களின் இந்தியச் சங்கம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். மூச்சு நிற்கிற எல்லாப் பிள்ளைக்கும் தைராய்டுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. இரண்டாவது டெஸ்ட்டை எடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

தைராய்டு குறைவுக்கு மருந்தோ, தூளாக்கித் தாய்ப்பாலில் கரைத்துப் பாலாடையில் புகட்டுகிற ஒரு சின்ன மாத்திரை. சீக்கிரமே தொடங்கினால் மூளை வளர்ச்சி தப்பிக்கும். ஒவ்வொரு வாரம் தள்ளிப்போவதற்கும் விலை கொடுப்பது குழந்தை. கனடாவின் கியூபெக்கில் 1974-இலேயே பிறந்த குழந்தைகளுக்குத் தைராய்டு பரிசோதனையைத் தொடங்கிவிட்டார்கள். இங்கே இன்றும் எந்த ஆஸ்பத்திரியில் பிறக்கிறோம் என்பதைப் பொறுத்திருக்கிறது. அட்மிஷனுக்கு, ரத்தம் ஏற்ற, வென்டிலேட்டர் போட என்று எத்தனை கையெழுத்து வாங்குகிறீர்கள்! மறுபடி எடுக்க வேண்டிய டெஸ்ட்டைப் பெற்றவர்களிடம் ஒரு வார்த்தை சொல்ல மட்டும் ஏன் நேரமில்லை?

கோபத்தில் எழுதிவிட்டேன், ராத்திரி பகலாக அந்த வார்டில் நிற்பவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. தயவுசெய்து இதை மட்டும் செய்யுங்கள். இரண்டாவது டெஸ்ட்டை வழக்கமாக்குங்கள். அதற்குள் வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தால், எந்தத் தேதியில் எங்கே எடுக்க வேண்டும் என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் தமிழில் எழுதிக் கொடுங்கள். ரிசல்ட் வந்ததும் யார் போன் செய்வார்கள் என்பதையும் அன்றே சொல்லிவிடுங்கள்.

நன்றியுடன்,
குறைமாதத்தில் பிறந்த ஒரு பிள்ளையின் அம்மா