நாற்காலி பற்றி நீ கேட்டது

கோத்தகிரி,
தை மாதம்

என் அன்புள்ள தஞ்சாவூர்க்காரிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. இந்த வருடம் உறைபனி கடுமை, காலையில் விரல் மடங்கவே ஒன்பது மணி ஆகிவிடுகிறது. அதனால்தான் தாமதம். இவர் சௌக்கியம். பச்சைத் தேயிலை விலை ஏறுவதாகத் தெரியவில்லை. போன வாரம் இரண்டு காட்டெருமைகள் வேலியைத் தள்ளிக்கொண்டு வந்து கேரட் பாத்தி முழுவதையும் மிதித்துவிட்டுப் போயின. உன் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்த செய்தியை மட்டும் மூன்று தடவை படித்தேன். குழந்தையின் படத்தை அனுப்பு.

அப்புறம் நீ கேட்ட விஷயம். உங்கள் ஊர்க் கலைச் சங்கத்துக்கு உன்னைத் தலைவியாக இருக்கச் சொல்கிறார்கள், பறை அடிப்பவர்களுக்கும் கரகம் ஆடுபவர்களுக்கும் ஏதாவது செய்யலாம் என்று உனக்கும் ஆசை இருக்கிறது, ஒத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறாய். ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் முடிக்க எனக்கு மனம் வரவில்லை. அப்படி ஒரு நாற்காலியில் பன்னிரண்டு வருடம் உட்கார்ந்து எழுந்தவள் நான். அங்கே என்ன நடந்தது என்று சொல்கிறேன், அதை வைத்து நீயே யோசித்துக்கொள்.

2010-இல் நாங்கள் ஆறு பேர் சேர்ந்து தொடங்கிய கலைவிழா உனக்கு நினைவிருக்கும். ஒரு தடவை வந்து என் சால்வையைப் பிடுங்கிப் போர்த்திக்கொண்டு பார்த்தாய். அந்த ஆறு பேரில் இரண்டு ஆசிரியர்கள், ஒரு டாக்டர், ஒரு வங்கி அதிகாரி, ஒரு எஸ்டேட் மேலாளர், ஓட்டல் நடத்துகிற ஒருவர். தோடர், கோத்தர், இருளர், குறும்பர் என்ற இந்த மலைப் பழங்குடிகளின் கலைகளுக்கென்று நடந்த விழா. அந்த ஆறில் அவர்களில் ஒருவர்கூட இல்லை. அன்று எனக்கு அது உறைக்கவே இல்லை. வந்து போகப் பஸ் செலவு, மதியச் சாப்பாடு, ஆளுக்கொரு துண்டு, குழுவுக்குப் பத்து நிமிடம். நல்ல மனதோடுதான் செய்தோம்.

ஐந்தாவது வருடமோ ஆறாவது வருடமோ, சிறப்பு விருந்தினரின் கார் வந்து நிற்கும்போது வாசலில் நின்று வாசிக்கும்படி கோத்தர் குழுவிடம் சொன்னேன். கோத்தர் மொத்தமே ஏழு ஊர்க்காரர்கள். அவர்கள் ஊதும் குழலுக்குக் கொள் என்று பெயர், நம் நாதசுரத்துக்குத் தம்பி மாதிரி இருக்கும். அதை மடியில் வைத்திருந்த பெரியவர் எழுந்திருக்கவில்லை. மெதுவாகச் சொன்னார்: “டீச்சர், சாமிக்கு வாசிக்கிறது ஒண்ணு. சாவுக்கு வாசிக்கிறது ஒண்ணு. ஆட்டத்துக்கு ஒண்ணு. காருக்கு வாசிக்கிறது எங்ககிட்ட இல்லை.”

எனக்கு அன்று கோபம்தான் வந்தது. விருந்தினர் முன்னால் அவமானமாகிவிட்டது என்று நினைத்தேன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டேன். ஒரு காலத்தில் இந்த மலையில் மற்றவர்களின் சாவு வீடுகளுக்குக் கோத்தர்தான் வந்து வாசிக்க வேண்டும் என்பது வழக்கம். 1930கள் வாக்கில் அது பெரும்பாலும் நின்றுபோனது. ‘ஊருக்கு வாசிப்பவர்கள்’ என்ற பெயர் அவர்கள் தோளிலிருந்து இறங்க எத்தனை தலைமுறை ஆகியிருக்கும், நீயே நினைத்துப் பார். ஒரு துண்டையும் பத்து நிமிடத்தையும் கொடுத்து நான் அதை மறுபடி ஏற்றிவைக்கப் பார்த்திருக்கிறேன். உங்கள் ஊரில் பறை அடிப்பவர்களை எங்கே நிற்க வைக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு எனக்கு எழுது.

நீலகிரியின் கதையை எங்கிருந்து தொடங்குகிறோம் என்பதே எனக்கு இப்போது உறுத்துகிறது. 1819-இல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறி வந்தார், கோத்தகிரியில் முதல் பங்களா கட்டினார் என்று நானே முப்பது வருடம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தேன். 2022-இல் உதகை 200 என்று விழா எடுத்து அவருக்குச் சிலையும் வைத்தார்கள். அந்த மனிதரைக் குறை சொல்ல நான் வரவில்லை. இந்த நிலம் தோடருக்கு உரியது என்று தன் அரசாங்கத்தோடேயே வாதாடியவர் அவர். ஆனால் ஒத்தைக்கல் மந்து என்ற தோடர் ஊர்ப் பெயரிலிருந்துதான் ஊட்டிக்கே பெயர் வந்தது என்கிறார்கள். அந்த ஊருக்கு இருநூறுதான் வயது என்றால், மந்தில் எருமை மேய்த்தவர்களின் காலம் எந்தக் கணக்கில் சேரும்?

அதற்குப் பின்னால் வந்தவர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். நீலகிரியின் முதல் கமிஷனர் பிரீக்ஸ் மலை உச்சிகளிலிருந்த கல்வட்டங்களைத் தோண்டினார். செத்தவர்களோடு புதைத்த மண்பாண்டங்களும் வெண்கலக் கிண்ணங்களும் இன்று லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் நம் எழும்பூர் அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் அளவுகோலோடு வந்து தோடர், கோத்தர் தலைகளையும் மூக்குகளையும் அளந்து 1896-இல் வெளியிட்டார். பொருளை எடுத்தார்கள், உடம்பை அளந்தார்கள். இது என்ன, யாருக்கு, எப்போது காட்டலாம் என்று அந்த மக்கள் முடிவு செய்ய எங்கேயும் இடம் இல்லை. வெள்ளைக்காரர் போன பிறகும் அந்த முடிவு இறங்கி வந்து அவர்கள் கைக்குச் சேரவில்லை. நடுவில் நாம் வாங்கிக்கொண்டோம். நாம் என்றால் சமவெளிக்காரர், படித்தவர், தமிழ் டீச்சர், நான்.

இதை எழுதும்போது என் அப்பா நினைவு வருகிறது. எங்கள் குடும்பமே தேயிலைக்காகக் கடல் கடந்து இலங்கைக்குக் கொண்டுபோகப்பட்ட குடும்பம். எங்களைப் போன்ற தோட்டத் தமிழர்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று இரு நாடுகளும் செய்த 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, ஒன்பது வயதில் நான் இந்த மலைக்கு வந்தேன். ‘சிலோன்காரி’ என்று பள்ளியில் கூப்பிட்டபோது அழுதிருக்கிறேன். வெள்ளைக்காரன் எங்களுக்குச் செய்ததை நான் நன்றாக அறிவேன். ஆனால் எங்களுக்கு வேலை கொடுத்த அரசுத் தேயிலைத் தோட்டம் காட்டை வெட்டி உண்டாக்கியது. அந்தக் காட்டில் யார் தேன் எடுத்தார்கள், யார் கிழங்கு தோண்டினார்கள் என்று அப்பா கேட்கவில்லை, கேட்கிற நிலையிலும் அவர் இல்லை. பாதிக்கப்பட்டவர்கள் என்பதாலேயே நாம் இன்னொருவர் இடத்தில் நிற்கவில்லை என்று ஆகிவிடாது. இதைச் சொல்ல எனக்கு ஐம்பது வயது தாண்ட வேண்டியிருந்தது.

சில வருடம் முன்பு சென்னையில் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். கலை, பண்பாட்டு அமைப்புகளில் தலைமையைக் காலனிய நீக்கம் செய்வது, அதாவது வெள்ளைக்காரர் ஆட்சி விட்டுப்போன முறைகளைக் களைவது பற்றிப் பேச்சு. இரண்டு நாளும் ஆங்கிலம். என்னோடு வந்த இருளர் பெண் இரண்டு நாளும் வாய் திறக்கவில்லை, திறக்க யாரும் இடம் விடவும் இல்லை. ஆனாலும் அங்கே கேட்ட ஒன்று மனதில் தங்கிவிட்டது. நியூசிலாந்தின் தேசிய அருங்காட்சியகமான தே பாப்பாவில் தலைமை நிர்வாகி ஒருவர், அவருக்குப் பக்கத்தில் அந்நாட்டுப் பூர்வகுடிகளான மவோரிகளின் தலைவர் ஒருவர் என்று இருவர் சேர்ந்து நடத்துகிறார்கள். ஒரு பொருள் கட்டடத்துக்குள் இருந்தாலும், அது எந்தக் குலத்திலிருந்து வந்ததோ அவர்களுக்கு அதன்மேல் பேச்சுரிமை போகாது என்பது அங்கே கொள்கை. ஆக்ஸ்ஃபோர்டின் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகம் 2020-இல் மனிதத் தலைகளையும் எலும்புகளையும் காட்சியிலிருந்து எடுத்துவிட்டது. அங்கிருக்கும் தங்கள் முன்னோரின் எலும்புகளை வீட்டுக்குக் கொண்டுவர நம் வடகிழக்கில் வாழும் நாகர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு முன்னால் ஊர் ஊராகப் போய், வந்தால் எங்கே வைப்பது, என்ன சடங்கு செய்வது என்று பெரியவர்களிடம் கேட்கிறார்களாம். இந்தக் கேட்கிற வேலைதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுகிறது.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். இங்கே கூடலூரில் ஆதிவாசி முன்னேற்றச் சங்கம் 1980களிலேயே நில உரிமைக்காக எழுந்தது. அதை ஒட்டி வந்த ஆஸ்பத்திரியில் பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் பெண்களே நர்சுகளாகப் படித்து வந்து பொறுப்பேற்றார்கள். வெளியிலிருந்து வந்த டாக்டர்கள் தொடங்கியதுதான். ஆனால் ஒரு நாள் கைமாற்றிக் கொடுக்க வேண்டும் என்பதை முதலிலேயே மனதில் வைத்துத் தொடங்கினார்கள். எங்கள் விழாவில் அந்த எண்ணம் ஒருவருக்கும் இருந்ததில்லை.

2022-இல் நான் விலகினேன். இப்போது குழுவில் ஒன்பது பேர், ஆறு பேர் பழங்குடியினர். தலைமை இருவருக்கு: அன்று சென்னைக்கு வந்த அதே இருளர் பெண், கூட ஒரு கோத்தர் இளைஞர். முதல் கூட்டத்திலேயே தேதியை மாற்றினார்கள். சீசனுக்கு வருகிற சுற்றுலா ஜனங்களுக்காக நாங்கள் மே மாதம் வைத்திருந்தோம். “மேயில் எங்க ஆம்பளைங்க எல்லாம் தேனுக்குப் போயிடுவாங்க டீச்சர், அதனாலதான் வருஷா வருஷம் கிழவங்களும் பிள்ளைங்களும் மட்டும் வந்தோம்” என்று அந்தப் பெண் சொன்னாள். பாறைத் தேன் எடுக்கிற மாதம் அது என்று எனக்கும் தெரியும். தெரிந்தும் பன்னிரண்டு வருடம் நான் இரண்டையும் சேர்த்து நினைக்கவில்லை.

அடுத்தது மேடை. இருளர் ஆட்டம் வட்டமாகச் சுற்றுவது. குழலும் பறையும் நடுவில், ஆணும் பெண்ணும் சுற்றிலும். அதை மேடையில் ஏற்றி வரிசையாக நிற்க வைத்து, ஜனங்களுக்கு முகம் காட்டி ஆடுங்கள் என்று சொன்னவள் நான்தான். இப்போது மேடை கிடையாது. மைதானத்தில் ஆடுகிறார்கள், நாம் சுற்றி நிற்க வேண்டியதுதான். போன வருடம் மூன்றாவது சுற்றில் டவுன் பிள்ளைகள் உள்ளே போய்ச் சேர்ந்துகொண்டார்கள், ஆட்டம் இருட்டும்வரை நிற்கவில்லை. அறிவிப்பும் முதலில் அவரவர் மொழியில், பிறகு தமிழில். தோடர் மொழியும் கோத்தர் மொழியும் தமிழின் கொச்சை என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன் தெரியுமா? தனித்தனித் திராவிட மொழிகள். தமிழ்மேல் எனக்குள்ள பிரியம் இன்னொரு குழந்தையின் வாயை மூடியிருக்கிறது. அதை நினைத்தால் இன்றும் தூக்கம் வருவதில்லை.

எல்லாம் நல்லபடியாக நடந்தது என்று எழுத மாட்டேன். பழைய குழுவில் இருவர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். நன்கொடை கொடுத்துவந்த இடம் ஒன்று, என் கையெழுத்து இல்லாமல் பணம் தர யோசித்து, கடைசியில் கொடுக்கவே இல்லை. புதிய குழுவுக்குள்ளும் சண்டை வந்தது. எந்த ஊர்க் குழு முதலில் என்று ஒரு மாதம் இழுபறி. நடுவில் புகுந்து தீர்த்துவைக்க என் நாக்கு துடித்தது. போகவில்லை. அவர்களே ஒரு பெரியவர் வீட்டில் உட்கார்ந்து தீர்த்துக்கொண்டார்கள், நான் சொல்லியிருக்கக்கூடிய முடிவைவிட நல்ல முடிவாக.

கடைசியாக ஒன்று. 1990களில் நான் ஊர் ஊராகப் போய்ப் பாட்டுப் பதிவு செய்த கேசட்டுகள், பீரோ அடித்தட்டில் நாற்பதுக்கு மேல் இருந்தன. அவற்றை என் சேகரிப்பு என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். போன மழைக்காலத்தில் அவற்றைப் பென்டிரைவில் ஏற்றி, பாடினவர்களின் வீடுகளுக்கு எடுத்துப் போனேன். பாதிப் பேர் இறந்துவிட்டார்கள். ஒரு குறும்பர் வீட்டில் மகள் தன் அம்மா குரலைக் கேட்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது பாட்டு தொடங்கியதும் கையை நீட்டி நிறுத்தச் சொன்னாள். அது சாவுப் பாட்டு, வீட்டுக்குள் சும்மா ஓடக்கூடாது என்றாள். முப்பது வருடத்தில் அந்தப் பாட்டை நான் எத்தனை பேருக்குப் போட்டுக் காட்டியிருப்பேன்! மன்னிப்புக் கேட்டேன். அந்தக் கேசட்டை அவளிடமே கொடுத்துவிட்டேன், என்னிடமிருந்த பிரதியை அவள் கண் முன்னால் அழித்தேன். மற்றப் பாட்டுகளைத் தன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்துக்கொண்டாள். பதினோரு வீடு முடிந்திருக்கிறது, இன்னும் பாக்கி இருக்கிறது.

அதனால் உன் சங்கத்தைப் பற்றி நான் கேட்கும் கேள்விகள் இவை. பறை அடிப்பவர்களில் எத்தனை பேர் செயற்குழுவில் இருக்கிறார்கள்? கணக்குப் புத்தகம் யார் கையில்? ‘இதை ஆட மாட்டோம்’ என்று அவர்கள் சொன்னால் சம்பளம் பிடிப்பீர்களா? எத்தனை வருடத்தில் எழுந்துகொள்வாய், அப்போது அங்கே யார் உட்கார வேண்டும்? இதற்கெல்லாம் பதில் வைத்துக்கொண்டு போவதானால் போ, நான் சந்தோஷப்படுவேன். வெறும் பெயருக்கென்றால் வேண்டாம் என்று சொல்லிவிடு. உன்னால் சும்மா தலைவியாக இருக்கவும் முடியாது, எனக்குத் தெரியும்.

இந்த வருட விழா மாசிக் கடைசியில். பேத்தியைப் பார்த்துவிட்டு அப்படியே இரண்டு நாள் வந்து போயேன். அண்ணனையும் கூட்டி வா. சால்வை நீயே கொண்டு வா. இத்துடன் ஒரு கிலோ தேயிலைத் தூள் அனுப்புகிறேன், பக்கத்து வீட்டுக்காரர் தோட்டத்து இலை. பாலைக் கொஞ்சமாக ஊற்றிக் குடி.

உன்,
மலைக்காரி