காசு குடுத்து ஆட வைக்கிற ஃபுட்பால் பசங்களுக்கு எழுத்துல ஒப்பந்தம் வேணும்: கலெக்டர் ஐயாவுக்கு கோரிக்கை மனு

அனுப்புநர்: ஒரு கடற்கரை ஊரு ஃபுட்பால் டீமோட பொருளாளர், பாம்பன் பக்கம், ராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள், ராமநாதபுரம்.

நகல்: மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலர்.

பொருள்: கிரவுண்டு பெர்மிஷனோட ப்ளேயர் ஒப்பந்தத்தையும் ஒரு நிபந்தனையா சேக்கச் சொல்லி.

ஐயா, வணக்கம்.

கேக்க வந்தத மொதல்லயே சொல்லிர்றேன். நம்ம மாவட்டத்துல எந்த டோர்னமெண்ட்டுக்கு பெர்மிஷன் குடுத்தாலும் சரி, வெளியூர் கிளப் வந்து இங்க செலக்‌ஷன் ட்ரையல்ஸ் வச்சாலும் சரி, காசு பேசி ஆட வைக்கிற ஒவ்வொரு ப்ளேயருக்கும் எழுத்துல ஒரு ஒப்பந்தம் இருக்கணும், அதோட காப்பி ஒண்ணு விளையாட்டு ஆபீஸ்ல இருக்கணும். இத நிபந்தனையா போடுங்க, அம்புட்டுதான். நிதி கேக்கல, புது கிரவுண்டும் கேக்கல (அதுவும் வேணும்தான், அது வேற மனு).

தொண்டி, தேவிபட்டினம், பெரியபட்டினம், கீழக்கரை, தங்கச்சிமடம், மூக்கையூர்னு எந்தக் கரைக்கு சாயங்காலம் போனாலும் மணல்ல பயலுக ஆடிக்கிட்டுதான் இருப்பானுக. ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கட்டிக் கெடக்கும், அந்த நேரம் ஊருக்கு ஊரு டோர்னமெண்ட். அதுல நல்லா ஆடுறவன எவனாச்சும் வந்து பாத்துட்டுப் போவான், மறுவாரம் போன் வரும், மதுரைக்கு வா, சென்னை டிவிஷன் லீக்குக்கு வா, மலப்புறம் பக்கம் செவன்ஸ் (பக்கத்துக்கு ஏழு பேரு ஆடுற ஃபுட்பால்) ஆட வா, மாசம் இவ்வளவு தர்றோம், தங்க சாப்பிட நாங்க பாத்துக்கிறோம்னு. ஒப்பந்தம்னு பாத்தா அந்த வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் மட்டும்தான்.

எங்க ஊரு பையன் ஒருத்தன், லெஃப்ட் பேக், 19 வயசு, இப்படித்தான் ஒரு வெளி மாவட்ட கிளப்புக்குப் போனான். பேரு ஊரு வேண்டாம், அந்தக் கிளப்ப சந்தியில நிறுத்துறதுக்கு இந்த மனு இல்ல. மொத மாசம் பாதி சம்பளம் வந்துச்சு, அடுத்து ஸ்பான்சர் குடுக்கல குடுக்கலன்னே சீசன் ஓடுச்சு, கடைசியில ஒரு மேட்ச்ல முட்டி ஜவ்வு கிழிஞ்சு பஸ் ஏத்தி அனுப்பிட்டாங்க. ஸ்கேனுக்கு அவங்கம்மா சங்கிலி அடகு கடைக்குப் போச்சு. அவன் கையில இருந்த ஒரே பேப்பர் பதிவு ஃபாரத்தோட போட்டோ, அதுவும் பைக் சீட்டு மேல வச்சு எடுத்தது, ஓரத்துல ஹேண்டில் பார் தெரியுது. பெரிசாக்கிப் பாத்தேன். 'அமெச்சூர்'ங்கிற கட்டத்துல டிக். சம்பளம்னு ஒரு வரி கூட கெடையாது. டிக் போட்டது யாருடானு கேட்டா, கையெழுத்து மட்டும்தாண்ணே என்னுது, மத்தத அவங்களே எழுதிக்கிட்டாங்கன்றான்.

இந்த டிக்குதான் ஐயா பிரச்சனையோட வேரு. உலக ஃபுட்பால் அமைப்பான பீஃபாவோட விதிப்படி எழுத்துல காண்ட்ராக்ட் இருந்து, ஆடுறதுக்கு ஆகுற செலவ விட கூட பணம் வாங்குறவன்தான் ப்ரொஃபஷனல், மத்தவங்க எல்லாரும் அமெச்சூர். அப்ப பேப்பர் போடாம விட்டாலே போதும், மாசச் சம்பளம் பேசி கூட்டிட்டுப் போனவனும் சும்மா ஆட வந்தவன் ஆயிருவான். ரெண்டு மாசச் சம்பளம் தவறுனா, கிளப்புக்கு எழுத்துல நோட்டீஸ் குடுத்து 15 நாளாச்சும் டைம் விட்டு, அப்பவும் வரலன்னா ஒப்பந்தத்த முறிச்சிட்டு வெளிய வரலாம்னு 2018ல அதே பீஃபா விதி போட்டுச்சு. நல்ல விதிதான். ஆனா ஒப்பந்தமே இல்லாதவன் எத முறிப்பான்? அதோட அடுத்த டீமுக்குப் போக என்ஓசி (ஆட்சேபனை இல்லன்னு பழைய கிளப் குடுக்குற கடிதம்) கேட்டா போனையே எடுக்க மாட்டாங்க, ஒரு சீசன் வீணாப் போயிரும். 18 வயசுக்குக் கீழ உள்ளவனுக்கு 3 வருஷத்துக்கு மேல காண்ட்ராக்ட் செல்லாதுன்றதும் விதியில இருக்கு, இங்க எந்தத் தாய் தகப்பனுக்கு அது தெரியும்?

கிளப் நடத்துறவங்க எல்லாரும் ஏமாத்துக்காரங்கன்னு நான் சொல்ல வரல. நானே கணக்கு நோட்டு எழுதுறவன், கஷ்டம் தெரியும். எங்க நோட்டுல ஒரு வெளியூர் மேட்ச் பக்கம் இப்படி இருக்கு: வேன் 6,500, ரெண்டு வேளை சாப்பாடு 4,200, டேப்பு ஸ்ப்ரே 900, கெஸ்ட் ப்ளேயர் ரெண்டு பேருக்கு 5,000. எதிர்ப்பக்கத்துல வரவு: ஊர் வசூல் 3,000, குவைத்ல இருக்க ஒரு அண்ணன் அனுப்புனது 10,000. மிச்சம் துண்டு. பரிசு அடிச்சாத்தான் துண்டு அடையும். டிவி காசு கெடையாது, டிக்கெட் காசு கெடையாது, கீழ் மட்டத்துல எல்லா டீமும் யாரோ ஒரு ஆளோட பாக்கெட்ட நம்பித்தான் ஓடுது, அந்த ஆளு அங்கிட்டு வேலைய விட்டா இங்கிட்டு டீமு படுத்துரும். ஆனா அந்த ஆளு சொன்ன வார்த்தைய நம்பி பதினெட்டு பேருக்கு சம்பளம் பேசிட்டு, பணம் வரலன்னதும் மொதல்ல வெட்டுறது ப்ளேயர் சம்பளத்ததான். வேன்காரன் விட மாட்டான், ஓட்டல்காரன் விட மாட்டான், பையன்தான் வாயத் தொறக்க மாட்டான்.

இது நம்ம ஊரு கதை மட்டும் இல்ல. இங்கிலாந்துல 1885ல ஆரம்பிச்ச பரின்னு ஒரு கிளப், 2019ல சம்பளம் ஒழுங்கா வராமலே ஆடி நாலாவது டிவிஷன்லேர்ந்து மேல ஏறுனாங்க, அதே வருஷம் ஆகஸ்ட்ல பணத்துக்கு வழி காட்ட முடியலன்னு லீக்க விட்டே தூக்கிட்டாங்க. இத்தனைக்கும் அந்த டிவிஷன்ல வருமானத்துல ஏறத்தாழ பாதிக்கு மேல ப்ளேயர் சம்பளத்துக்குப் போகக் கூடாதுன்னு கட்டுப்பாடே இருந்துச்சு. முதலாளி போடுற பணத்தையும் வருமானமா காட்டிக்கலாம்னு விட்டிருந்தாங்க, ஓட்டை அங்கதான். இங்க 2025 ஆகஸ்ட்ல பெங்களூரு எஃப்சியே, நாட்டோட பெரிய ஃபுட்பால் லீக்கான ஐஎஸ்எல் எப்ப நடக்கும்னு தெரியலன்னு சம்பளத்த நிறுத்தி வச்சதா அறிவிச்சாங்க. ஒப்பந்தம் உள்ள பெரிய ப்ளேயருக்கே இந்த நெலம. ஆனா அவங்களுக்கு பேப்பர் இருக்கு, சங்கம் இருக்கு, செய்தி வரும். மூக்கையூர் பையனுக்கு யாரு செய்தி போடுவா.

எங்க போட்ல கூட, கரைக்கு வந்து மீன வித்ததும் டீசல் ஐஸ் செலவக் கழிச்சிட்டு ஆளுக்கு இவ்வளவு பங்குனு எல்லாரு முன்னாடியும் வச்சுப் பிரிப்பாங்க. மீன்பாடு இல்லன்னா பங்கு இல்ல, அதையும் கடலுக்குப் போறவன் தெரிஞ்சுதான் போறான். அந்தத் தெளிவு போதும் எங்களுக்கு.

இதுக்கு பெருசா செலவு ஒண்ணும் இல்ல. ஒரே பக்கத்துல, தமிழ்ல, ஒரு மாதிரி ஒப்பந்தம் தயார் பண்ணிக் குடுங்க, மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுல கேட்டா வக்கீல் எழுதிக் குடுப்பாங்க. அதுல எவ்வளவு பணம், எந்தத் தேதிக்குள்ள, எது வரைக்கும், அடிபட்டா யாரு செலவு, விட்டுப் போகணும்னா எத்தன நாளுல என்ஓசி, இவ்வளவு இருந்தா போதும். சின்னப் பையன்னா தாயோ தகப்பனோ கையெழுத்து. பணம் பேங்க்ல போகணும், கையில குடுக்குறது கணக்குல நிக்காது. சீதக்காதி சேதுபதி ஸ்டேடியமோ வேற அரசு மைதானமோ கேட்டு வர்றவங்ககிட்ட இந்தப் பேப்பரயும் பரிசுப் பணம் இருக்குன்றதுக்கு ஆதாரத்தையும் வாங்கிட்டு பெர்மிஷன் குடுங்க. ஊரு டீமுக்கும் இது பொருந்தணும், எங்க டீமுக்கும் சேத்துத்தான் சொல்றேன். ட்ரையல்ஸ்னு சொல்லி பையங்ககிட்ட ஃபீஸ் வாங்குறவங்க ரசீது குடுக்கணும், எந்த கிளப், எந்த லீக்னு முன்கூட்டியே ஆபீஸுக்கு எழுதிக் குடுக்கணும்.

அடிபடுறதுக்கு தனியா ஒரு வரி. 20 ரூபா பிரதமர் விபத்துக் காப்பீடு நெறைய பயலுக கணக்குல ஓடுது, ஆனா அது உயிர் போனாலோ நிரந்தர ஊனம் ஆனாலோதான், ஜவ்வு கிழிஞ்சா ஒரு ரூபா வராது. அதனால டோர்னமெண்ட் நடத்துறவங்க அந்த நாளுகளுக்கு சிகிச்சைச் செலவும் சேந்த குரூப் இன்சூரன்ஸ் எடுத்திருக்கணும்னு சேத்துப் போடுங்க.

இன்னொண்ணு, ஊரு டீமுகள சங்கப் பதிவு பண்ணி மாவட்ட ஃபுட்பால் சங்கத்துல சேர வைக்க ஒரு நாள் முகாம் போட்டா நல்லது. ஒரு ப்ளேயர் ஒப்பந்தம் இருக்கும்போதே வெளிநாட்டு கிளப்புக்கு கைமாறுனா, அந்தத் தொகையில 5 சதவீதம் 12 வயசுலேர்ந்து 23 வயசு வரைக்கும் அவன வளர்த்த கிளப்புகளுக்குப் பிரிச்சுக் குடுக்கணும்னு பீஃபா விதி. நம்ம கரையிலேர்ந்து அப்படி ஒருத்தன் போவானாங்கிறது வேற பேச்சு. போனாலும், பதிவுல பேரே இல்லாத டீமுக்கு யாரு செக் எழுதுவா.

அந்தப் பையனோட ஃபாரம் போட்டோ (பேரயும் கிளப் பேரயும் மறைச்சு), எங்க கணக்கு நோட்டுல நாலு பக்கம், அக்கம்பக்கத்து டீம் செயலாளர்மாருக கையெழுத்து எல்லாம் பின்னாடி சேத்திருக்கேன். வர்ற திங்கக்கிழமை குறைதீர் கூட்டத்துல நேர்ல வந்து குடுக்குறோம், மனு நம்பரோட ரசீது போட்டுக் குடுக்கச் சொல்லுங்க. அடுத்த தடைக்கால டோர்னமெண்ட்டுக்கு பெர்மிஷன் கேட்டு ஆளுக வர்றதுக்கு முன்னாடி உத்தரவு போட்டீங்கன்னா இந்த சீசனுக்கே ஒதவும் ஐயா.

இப்படிக்கு,
பொருளாளர் மற்றும் கீழே கையெழுத்துப் போட்டுள்ள டீம் செயலாளர்கள்